நிலைப்படி இல்லாத வீடு

"நிலைப்படியே வேண்டாமா? ஒரு ரூமுக்குக்கூடவா?"

தரைப்பலகை விற்கும் கடைக்காரப் பெண்ணே திகைத்துப்போனாள்.

"எதுக்கும் வேண்டாம். தெருக்கதவுலேர்ந்து குளியலறை வரைக்கும் ஒரே தரை, ஒரே மட்டம்" என்றான் மெலிஸ்.

பக்கத்தில் நின்ற மனைவி கனிஷாயின் முகம் சுருங்கியது. கிர்கிஸ்தானின் கராகோல் ஊரில் சொந்த வீடு. கூரை போட்டு, சுவர் பூசி, கடைசியாகத் தரைக்கு வந்திருக்கிறார்கள். கூடத்துக்கு அசல் ஓக் மரம், சமையலறைக்குப் பூப்போட்ட டைல்ஸ், படுக்கையறைகளுக்குக் கம்பளம் என்று அவள் மனசுக்குள் எப்போதோ தரை போட்டு முடித்திருந்தாள்.

"ஓக் மரம் என்ன பாவம் பண்ணிச்சு?"

"கீறல் விழும். தண்ணி பட்டா உப்பும்."

"கம்பளம்?"

"வேண்டாம்."

"கிர்கிஸ்காரன் வீட்டுல கம்பளம் வேண்டாமா! என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மெலிஸ் மாதிரிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டு, மேலே கடையின் தள்ளுவண்டியை உருட்டிப் பார்த்தான். கல்தூள் கலந்த வினைல் பலகை ஒன்று கோடு விழாமல் தாங்கியது. வெளிர் நிறம். கணுவும் ரேகையுமாகப் பார்த்தால் மரமேதான்.

"இதான். உழைக்கவும் உழைக்கணும், பார்க்க மரமாவும் இருக்கணும். ஆபீஸ் தரை மாதிரி இருந்தா மனுஷன் அதுல எப்படி இருக்கறது?"

"எதுக்கு இந்தப் பிடிவாதம்னாவது சொல்லுங்க."

"வீடு முடியட்டும். நீயே சந்தோஷப்படுவே."

அவள் சந்தோஷப்படவில்லை. தரை போட்டு முடியும்வரை அவனோடு சரியாகப் பேசக்கூட இல்லை.

புதுமனை விருந்தன்று கூடம் நிறைந்துவிட்டது. பொரித்த போர்சோக் ரொட்டியும் ஆட்டுக்கறியும் டீயுமாக எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெலிஸின் அத்தை பாத்மா மட்டும் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இது என்னடி, ஆஸ்பத்திரித் தாழ்வாரம் மாதிரி நீளமா ஓடுது? உள்ளே வந்துட்டோமா, இன்னும் வெளியிலதான் நிக்கறோமான்னே தெரியலையே!"

கூட்டம் சிரித்தது.

"உங்க அம்மா தைச்சுக் கொடுத்தாங்களே, அந்தக் கம்பளம் எங்கே?"

"சுவத்துல மாட்டியிருக்கு அத்தை."

"அப்போ சுவத்துலதான் நடக்கணுமா?"

மறுபடி சிரிப்பு. கனிஷாய்க்குக் காதெல்லாம் சுட்டது.

"என்னைக் கேட்டா? உங்க அண்ணன் பிள்ளையைக் கேளுங்க!"

"கேட்கலாம்னுதான் பார்க்கறேன். எங்கே அவன்? விருந்துக்குக் கூப்பிட்டவனையே காணோம்?"

காலையில் நண்பனின் வேனை வாங்கிக்கொண்டு போனவன்தான். போனையும் எடுக்கவில்லை. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வேன் நிற்கும் சத்தம் கேட்டது. வாசலில் யாரோ ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டார்கள். அடுத்த நிமிஷம், சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு மெலிஸ் உள்ளே வந்தான்.

நாற்காலியில் சோல்பன். கனிஷாயின் தங்கை.

மலைப்பாதையில் கார் உருண்டு கால் இரண்டும் போனதிலிருந்து, பாலிக்சி ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம், மேல்மாடி. ஏற்றிவிட்ட பிறகு அவளை யாரும் கீழே இறக்கவே இல்லை.

கூடத்தில் டீக் கிண்ணங்கள் பாதியில் நின்றன.

"கையை எடுங்க அத்தான். நானே போறேன்" என்றாள் சோல்பன்.

சக்கரங்களைத் தானே உருட்டினாள். கூடத்தைக் கடந்தாள். சமையலறைக்குள் போனாள், திரும்பினாள். குளியலறைக்குள் போய்த் தனியாகவே வெளியே வந்தாள். கடைசி அறையில் ஜன்னல் வரைக்கும் போய் நின்றாள். சக்கரம் எங்கேயும் இடிக்கவில்லை, சிக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

கனிஷாய் கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"யாரைக் கேட்டு இவளைக் கூட்டிட்டு வந்தீங்க?"

மெலிஸ் விழித்தான். "யாரைக் கேக்கணும்? நீ சொன்னதைத்தானே செஞ்சேன்?"

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

"போன்ல அவகிட்ட சொல்லுவியே. எத்தனை தடவை பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்கேன். முன்கூட்டியே சொன்னா உனக்கு ஆச்சரியமா இருக்காதேன்னுதான்..."

அதற்குள் பாத்மா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கனிஷாயைக் கட்டிக்கொண்டாள்.

"இதுக்குத்தானாடி! தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. தங்கச்சிக்காக வீட்டையே இப்படிக் கட்டியிருக்கியே, உன்னை மாதிரி யாருக்கு மனசு வரும்!"

கனிஷாயால் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சோல்பன் அறையிலிருந்து வந்தாள். நேராக அக்காவிடம் வந்து, அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுக்கா."

"எதுக்குடி?" என்றாள் கனிஷாய்.

"'எங்க வாடகை வீட்டுல ரூமுக்கு ரூம் நிலைப்படி. அது மட்டும் இல்லேன்னா இன்னிக்கே உன்னைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்குவேன்'னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவே இல்ல... நீ சும்மா சாக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டேன்க்கா!"