போப்பாண்டவர் எடுத்த பத்து நாள்

ரங்கூன் லான்மடாவ் அச்சகத்தில் மிதி மெஷின் ஓய்ந்துவிட்டது. கொடியில் காயும் ஐந்நூறு தாள்களில் காலை வெயில் விழுகிறது. பதின்மூன்றாம் கிரகோரியார் என்ற போப்பாண்டவரின் சரித்திரம். நாட்காட்டியைத் திருத்த, 1582இல் அக்டோபர் நான்குக்கு மறுநாளைப் பதினைந்து என்று அறிவித்தவர் அவர். கம்பாசிட்டர் ஜெபதாஸ் அதைக் கைப்பிழையென்று எண்ணி ஐந்தாக்கிவிட்டார். “அவரு எடுத்த பத்து நாளையும் நீ திருப்பி வச்சிட்டியேப்பா,” என்கிறார் சரித்திரத்தை எழுதிய உபதேசியார். ஜெபதாஸ் நகக்கண்ணிலுள்ள மையைச் சுரண்டுகிறார். இன்னொரு பிழை வந்தால் வேலை போகும் என்று முதலாளி போன மாதமே சொல்லியிருந்தார். இப்போது அவர் ஜெபதாஸ் கையிலிருக்கும் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை வாங்கி, உதவிக்கு இருக்கும் என்னிடம் நீட்டுகிறார். “நாலுக்கு அப்புறம் அஞ்சுதானேண்ணே, மாத்துங்க” என்று ராத்திரி ஷிப்டில் சொன்னவன் நான். ஜெபதாஸ் என்னைப் பார்க்கிறார். நான் ஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறேன்.