லால்குடிக்கு அப்பால் ஓர் ஏரி

மகன் பைக் விபத்தில் இறந்தபின் கோலார் தங்கவயலை விட்டுத் திருச்சிக்குக் குடிவந்த ஹாலித், இன்றுதான் மறுபடி தூண்டிலைத் தொடுகிறார். நல்ல ஏரி எங்கே இருக்கிறதென்று மனைவி சுராயாதான் மீன்கடையில் விசாரித்து, லால்குடி பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறாள். சாயங்கால வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து மினுங்குகிறது. மடையில் சலசலப்பு. அவர் கோக்கக் கோக்க, புழு கொக்கியிலிருந்து நழுவி நழுவி விழுகிறது. சுராயா அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் வலை அலசும் ராமர் பேச்சுக் கொடுக்கிறார். "இங்க விரால் நெறைய கெடக்குங்க. பசங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, குஷியாயிடுவாங்க." ஹாலித் தண்ணீரையே பார்க்கிறார். "ஒரே பையன்தாங்க. அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன்." சுராயாவின் கை துப்பட்டாவை இறுக்கிப் பிடிக்கிறது. ராமர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். "அவனுக்கு விரால்னா உசுருங்க" என்கிறாள் அவள். ஹாலித்தால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.