இன்னொரு தடவை

பலூன்காரி தன் போனை என் ஈரக் கையில் திணித்தாள். சிவப்பு வட்டத்தைத் தொட்டால் படம் ஓடும் என்று சைகையில் இரண்டு முறை காட்டினாள். சமையல்காரிக்குப் போன் பிடிக்கத் தெரியாது என்ற நினைப்பு.

கடல் தாண்டி வந்தவள். இந்த விடுதியின் அநாதைப் பிள்ளைகளோடு பழக வேண்டுமாம். அதற்கு இரண்டு வாரம் லீவு.

பை நிறையப் பலூனோடு வந்து இறங்கினாள், அதனால் அந்தப் பெயர். போன வருடம் வந்தவன் கிடார்க்காரன். அவனுக்கு முன்னால், கை கழுவச் சொல்லிக்கொடுக்க வந்தவள் சோப்புக்காரி. இரண்டு வாரம் இருக்கப்போகிறவர்களின் நிஜப் பெயரை யார் மனப்பாடம் செய்வது?

முதல் நாளே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். பிடித்த நிறம் என்ன, பிடித்த மிருகம் என்ன, பெரியவனாகி என்ன ஆவாய். எங்கள் பிள்ளைகள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஏழு பேர் டாக்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சோப்புக்காரிக்கும் அதே ஏழு பேர்தான் டாக்டர்.

நம் பேச்சைப் போனில் படித்துவிட்டு வந்திருந்தாள். பொடிசுகளை 'நீங்கள் வாருங்கள்' என்பாள், வார்டனம்மாவை 'நீ வா' என்பாள். வார்டனம்மாவின் மூஞ்சி போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காக மட்டும் அவளைப் பொறுத்துக்கொண்டேன்.

இத்தனை நாளில் என்னிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் கொதிக்கவைத்ததுதானா?

மூன்றாம் நாள், தன்னை அம்மா என்று கூப்பிடச் சொன்னாள். அதற்கென்ன, கூப்பிட்டார்கள். காய்கறி மூட்டை இறக்க வந்தவர்கூடத் தள்ளி நிற்கச் சொல்லும்போது ஒரு 'அம்மா' போட்டார். அதற்கும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பூட்டு மட்டும் கூப்பிடவில்லை.

ஆறு வயது. வாயைத் திறக்காததால் மற்ற பிள்ளைகள் வைத்த பெயர். எந்நேரமும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டு. பலூன்காரி மிட்டாய் காட்டினாள், பொம்மை காட்டினாள், தரையில் மண்டி போட்டுக் கெஞ்சினாள். அழுத்தக்காரி அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

இன்று காலை வார்டனம்மா சமையலறைக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அந்தம்மா கிளம்பறதுக்குள்ள இது வாயைத் திறந்து அம்மான்னு சொல்லணும். வர்றவங்ககிட்ட ஒட்டாத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சொல்லலேன்னா பெரிய விடுதிக்கு அனுப்பிடுவேன்."

பெரிய விடுதி ஒரு நாள் பயணம். அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததில்லை.

வெங்காயம் உரிக்க ஆள் இருக்காதே என்று மட்டும் சொன்னேன்.

இப்போது கூடத்து நாற்காலியில் பூட்டை மடியில் இருத்திக்கொண்டு பலூன்காரி தலைமுடியைச் சரிசெய்தாள். தன் தலைமுடியைத்தான். வாசலில் கார் நின்றது. வார்டனம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பூட்டைப் பார்த்தார்.

போனைப் பார்த்துச் சொல்லும்படி பூட்டின் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள் பலூன்காரி.

நான் சிவப்பு வட்டத்தைத் தொட்டேன்.

பூட்டு போனைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே பார்த்தாள்.

"அம்மா."

பலூன்காரி அழுதாள். அழுவதற்குத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாள். பூட்டின் உச்சந்தலையில் முத்தமாகக் கொடுத்தாள். வார்டனம்மா, பிள்ளையைத் தானே பெற்றதுபோலக் கை தட்டினார்.

நான் சிவப்பு வட்டத்தை மறுபடி தொட்டுப் படத்தை நிறுத்தினேன்.

பெற்றவர்கள் இல்லாத பிள்ளைக்குத்தான் இங்கே இடம். தாய் செத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தவள் நான். கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்து, என்னை ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும், மறந்தும் அந்த இன்னொரு வார்த்தை வரக்கூடாது என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். வாய் தவறிவிடுமோ என்று பயந்து பிள்ளை எல்லா வார்த்தைகளையும் விட்டுவிட்டது. இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் நான் பலூன்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்காகக் கையை நீட்டினாள்.

படம் நன்றாகவே பதிவாகியிருந்தது. கட்டைவிரலால் அதை அழித்தேன்.

"பதிவாகலைம்மா," என்றேன். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."