கிழித்த தேதியில் ஒரு பொன்மொழி

பரவையில் விருமாண்டியின் மனைவி சீனியம்மாளுக்குக் காய்ச்சல் விட்டும் கஞ்சி இறங்கவில்லை. இப்படியே கிடந்தால் பிழைக்க மாட்டாள் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். அன்று முதல் விருமாண்டி காலைதோறும் ஜவுளிக்கடைக் காலண்டரில் தேதியைக் கிழித்து, அதிலுள்ள பொன்மொழியை அவளுக்கு வாசித்தான்.

"விடாம முயற்சி செஞ்சா, எருமைக்கன்னும் ஒருநா எருமையாகும்."

சீனியம்மாள் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் ஒரு கரண்டி கஞ்சி போனது.

மறுநாள், "பொறுமையாக் காத்திருக்கவன், காத்துக்கிட்டே இருப்பான்."

"எந்தக் கிறுக்கன்யா இதை அச்சடிச்சான்?"

இரண்டு கரண்டி.

பத்தாம் நாள் கும்பாவே காலி. தன் சூரணம்தான் வேலை செய்தது என்று வைத்தியர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அன்று வாசித்து முடித்து விருமாண்டி மாடு அவிழ்க்கக் கொல்லைக்குப் போனான். கூட இருந்து கேட்ட எதிர்வீட்டு டீச்சர் பாலாம்பாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி இது? 'உண்மையே உயர்வு தரும்'னு போட்டிருக்கு. அவன் வேற என்னமோ படிச்சானே?"

"தெரியும் டீச்சர். நானும் நாலாப்பு படிச்சவதான். அவருக்குத்தான் ஒரு எழுத்தும் தெரியாது."

"அவன்ட்ட சொல்லலையா?"

"மெதுவாப் பேசுங்க" என்றாள் சீனியம்மாள். "நாளைத் தாளுக்கு இப்பவே யோசிச்சுக்கிட்டிருப்பாரு."