எதிர் மேசை

ஹோட்டல் சமையல் மாஸ்டரின் மகளுக்கு ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. உயிர்வேதியியல், மருத்துவ உயிர்வேதியியல். மாலைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேர்க்கை அரங்கில் இரண்டுக்கும் எதிரெதிராக மேசை போட்டிருந்தார்கள்.

“அடிப்படை எங்ககிட்டதான் ஸ்ட்ராங்கா இருக்கும். அங்க நுனிப்புல் மேயுறதுதான்” என்றார் முதல் மேசைப் பேராசிரியர்.

“அங்க வெறும் மனப்பாடம்மா. வேலை கிடைக்கிற படிப்பு இதுதான்” என்றார் எதிர் மேசைப் பேராசிரியை.

மாஸ்டர் தயங்கிக்கொண்டே கேட்டார். “உங்க பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க மேடம்?”

பேராசிரியை குரலைத் தாழ்த்தினார். “பையன் அந்த சார்கிட்ட, ரெண்டாவது வருஷம்.”

மாஸ்டர் மகளை இழுத்துக்கொண்டு முதல் மேசைக்குப் போய் அதையே கேட்டார். பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “பொண்ணு... மேடம்கிட்டதான் படிக்குது.”

“என்னப்பா, நம்ம காதுல பூ சுத்துறாங்களா?” என்று கொதித்தாள் மகள்.

மாஸ்டருக்குக் கோபமே வரவில்லை. பதினைந்து வருடமாக அவர் மதியச் சாப்பாட்டுக்கு எதிர் ஹோட்டலுக்குத்தான் போகிறார். அந்த ஹோட்டல் மாஸ்டர் இவர் சமைத்ததைச் சாப்பிட வந்துகொண்டிருப்பார். நடுரோட்டில் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.