மனைவி பெயரில் ஒரு பாக்டீரியா

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க சார்!"

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த துறைத் தலைவரிடம் கணினியைத் திருப்பிக் காட்டினாள் அவள். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

வயல் மண்ணிலிருந்து அவள் பிரித்தெடுத்த பாக்டீரியா ஒரு புது இனம். அதைப் பற்றிய கட்டுரை ஆராய்ச்சி இதழில் வந்தால்தான் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இதழ் நியமித்த மதிப்பீட்டாளர் குறுக்கே நின்றார். அவர் யாரென்று சொல்ல மாட்டார்கள். அதுதான் வழக்கம்.

"இப்ப என்னவாம்?"

"இதுக்கு நெருங்கின சொந்தக்கார இனம் ஒண்ணு இருக்கில்ல, அதையும் சோதிச்சுக் காட்டணுமாம். மூணு வெப்பநிலையில வளர்த்து, மரபணு முழுசையும் படிச்சு... போன தடவையும் இதே பாட்டுதான். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். உட்கார்ந்து செய்யறது யாரு?"

அந்தச் சொந்தக்கார இனத்தின் பெயரைப் பார்த்ததும் தலைவர் பதறினார்.

"ஐயையோ, இது பேராசிரியரோடதாச்சே!"

வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அவர். தலைக்கனம் பிடித்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். தான் கண்டுபிடித்த அந்த இனத்துக்கு மனைவியின் பெயரையே வைத்தவர். மனைவிக்கு நகை வாங்கித் தருகிறவர்கள் உண்டு. இந்த மனுஷர் கிருமி வாங்கித் தந்திருக்கிறார்!

"உன்னை நிரந்தரமாக்குற குழுவுல அவரும் இருக்கார். பார்த்து நடந்துக்கோ," என்றார் தலைவர்.

அவள் அசரவில்லை. கிருமிகளைச் சேமித்து வைக்கும் வங்கிக்கு எழுதி, பேராசிரியருடைய பாக்டீரியாவை வரவழைத்தாள். அது வளராமல் அடம் பிடித்தது. அவள் அதைவிட அடம் பிடித்தாள்.

முடிவு வந்தது. அவளுடையது புது இனமேதான். ஆனால் பேராசிரியருடையது புதிதே இல்லை. வேறொருவர் எப்போதோ பெயர் வைத்துவிட்ட பழைய இனம். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். மனைவி பெயர் போய்விடும்.

"அந்தப் பகுதியை எடுத்துடும்மா," தலைவர் கெஞ்சினார். "உன்னோடது புதுசுன்னு மட்டும் எழுது. மத்ததை மழுப்பிடலாம்."

"மாட்டேன் சார். கிடைச்சதை எழுதுவேன். வேலை போனா போகட்டும்."

"பிடிவாதம்!"

"ஆனா அச்சுல பார்த்து அவர் தெரிஞ்சுக்கக் கூடாது. பாவம். நானே சொல்லிடறேன்."

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் பேராசிரியருக்குப் போன் போட்டாள். பயமாகத்தான் இருந்தது.

"சார், உங்க மனைவி பேர் வச்ச பாக்டீரியா... அது புது இனம் இல்ல சார். பழைய இனமேதான்."



"மூணு வெப்பநிலையிலயும் வளர்த்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"பார்த்தேன் சார்."

"மரபணு?"

"முழுசும் படிச்சாச்சு. சந்தேகமே இல்ல. மன்னிச்சுக்கங்க சார், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கட்டுரையில எழுதாம விட முடியாது."

"விட்டா நான் ஒத்துக்க மாட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க எதுக்கு சார் ஒத்துக்கணும்?"

"உங்க கட்டுரையைப் படிச்சப்பவே என்னோடது தப்போன்னு தோணிடுச்சும்மா. நானே சோதிச்சா என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பார்க்கும். அதனாலதான் உங்களைச் செய்யச் சொல்லி ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன்."