தெட்சுரோ வீட்டுத் தனிக் கம்பம்

சுவரோரம் மண்டியிட்டுப் புது பிளக் பாயிண்டின் கடைசித் திருகை முடுக்குகிறேன். போன வாரம் எங்கள் எலக்ட்ரிக்கல் கம்பெனி தோட்டத்தில் நட்ட மின்கம்பத்தின் நிழல் கண்ணாடிக் கதவு வழியே விழுந்து பாய்த்தரையை இரண்டாக வெட்டுகிறது. தெருக் கரண்டில் ஊரார் வீட்டு அழுக்கெல்லாம் கலந்து வந்து பாட்டைக் கெடுக்குமாம். அதனால் தெட்சுரோவின் ஸ்பீக்கர்களுக்கென்றே ஒரு கம்பம், ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு லைன். பாட்டு இன்னும் போடவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டு வெறும் அமைதியைக் கேட்கிறார். "துளி இரைச்சல் இல்ல. கேக்குதா, நொபுகோ?" சமையலறையில் அவர் மனைவி ஒரு பட்டனைத் தட்டுகிறாள். மைக்ரோவேவ் உறுமுகிறது. டக்கென்று மெயின் ட்ரிப்பாகி அங்கே விளக்கு அணைகிறது. இங்கே ஆம்ப்ளிஃபையரின் நீல விளக்கு இமைக்கக்கூட இல்லை. "குக்கரையும் அதையும் ஒண்ணாப் போட்டியா? எத்தன தடவ சொல்றது, ஒண்ண அணைச்சிட்டு இன்னொண்ணப் போடுன்னு!" "இருபத்திரண்டு வருஷமா அப்படித்தாங்க போட்டேன்." நொபுகோ வருகிறாள். இரு கைகளிலும் ரைஸ் குக்கர். மூடியோரம் கஞ்சி நுரைத்து வழிகிறது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே அதை வைத்து, என் தோளைத் தாண்டிக் குனிந்து, புது பாயிண்டில் காலியாக இருக்கும் சாக்கெட்டில் செருகி, பட்டனை அமுக்குகிறாள். குக்கர், ஆன் ஆனதைச் சொல்லும் தன் சின்ன மெட்டைக் கிணுகிணுவென்று பாடுகிறது. தெட்சுரோவின் கண்கள் திறக்கின்றன. "ஏய், எடு அத!" அவள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்க்கிறாள். "இந்த லைன் குக்கரத் தாங்குமாப்பா?" ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போடுகிறேன். "வீடு மொத்தத்தையுமே தாங்கும்மா."